பார்த்தீனியத்துக்கு ஒரு பாலைவன அக்கா: குவாயூலே

பார்த்தீனியத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அந்தியூரில் இருந்து பவானிப் பக்கம் போனாலும் சரி, பர்கூர் மலைப் பக்கம் ஏறினாலும் சரி, நல்ல மழை பெய்து ஒரு மாதம் கழித்து ரோட்டோரம் பார்த்தால் போதும். கேரட் தழை மாதிரி இலை, இடுப்பு உயரம், உச்சியில் உப்புக் கல் தூவிய மாதிரி வெள்ளைப் பூ. விஷச்செடி என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகிறோம்.

இந்தச் செடிக்கு மெக்சிகோவில் ஒரு அக்கா இருக்கிறது. பெயர் குவாயூலே. அதே பார்த்தீனியம் பேரினம்தான், ஆனால் பாலைவனப் புதர். அதன் பட்டைக்குள் ரப்பர் இருக்கிறது. ஒரு உலகப்போர் சமயத்தில் அமெரிக்க அரசாங்கமே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டு வளர்த்த செடி. இப்போது டயர் கம்பெனிகள் மறுபடியும் அதைத் தேடிப் போயிருக்கின்றன.

"வறட்சியைத் தாங்கும், ரப்பர் தரும்" என்று சொன்ன உடனே நம்ம பக்கம் அடுத்து வரும் கேள்வி எனக்குத் தெரியும்: "ஏனுங்க, அது நம்ம மேட்டாங்காட்டுல வருமுங்களா?" நியாயமான கேள்வி. கிணறு வற்றிய காட்டை வைத்துக்கொண்டு, வருசா வருசம் எள்ளோ சோளமோ விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவருக்கு அது வெறும் பொது அறிவுக் கேள்வி இல்லை. 2000-களில் காட்டாமணக்கு டீசல் தரும் என்ற பேச்சை நம்பி நட்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்தச் செடி எப்படிப்பட்டது, எங்கே, ஏன் அங்கே வளர்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பதிலுக்கு வரலாம்.

முதலில் குடும்பம். இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம். சாமந்தி, துலுக்கச்சாமந்தி, கரிசலாங்கண்ணி, மருக்கொழுந்து, பசங்க கிள்ளி விளையாடுகிற தாத்தாப்பூ எல்லாம் இந்தக் குடும்பம்தான். இதன் முக்கிய அடையாளம், நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல பூக்களின் கூட்டம். சூரியகாந்தியில் மஞ்சள் இதழ் என்று பிய்க்கிறோமே, அந்த ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நடுத்தட்டில் நெருக்கமாக இருப்பவை வேறு மாதிரிப் பூக்கள்.

பார்த்தீனியத்தில் இந்தக் கூட்டம் ரொம்பச் சின்னது, அரை சென்டிமீட்டர்கூட வராது. ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும். மூலைக்கு ஒன்றாக ஐந்து ஓரப்பூக்கள். விதை வைப்பது அந்த ஐந்து மட்டும். நடுவில் இருக்கிற பூக்கள் மகரந்தம் கொடுக்கும், விதை கொடுக்காது. இன்னொரு வேடிக்கை: ஓரப்பூ முற்றி விதையாகி விழும்போது தனியாக விழாது. பக்கத்தில் இருக்கிற இரண்டு நடுப்பூக்களையும் ஒட்டிக்கொண்டே விழும். ஒரு கொத்துக்கு ஐந்து விதை, விதைக்கு இரண்டு துணை. குவாயூலேயின் பூவைப் பிரித்தாலும் இதே கணக்குதான். இலையைப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம், பூவைப் பார்த்தால் மறுக்க முடியாது.

பூவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அக்காவும் தங்கையும் எதிரெதிர்.

குவாயூலே இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு மேல் போகாத, கட்டையான, கிளை நெருங்கிய புதர். இலை குறுகலாக, சாம்பல் கலந்த வெள்ளி நிறத்தில் இருக்கும். அதனால்தான் தாவரவியல் பெயர் பார்த்தீனியம் அர்ஜென்டேட்டம், அதாவது வெள்ளிப் பார்த்தீனியம். 1859-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே வைத்த பெயர். வெள்ளி நிறம் இலையின் சொந்த நிறம் இல்லை. இலை முழுக்க அடர்த்தியான நுண்முடி. ஒவ்வொரு முடியும் சுத்தியல் மாதிரி: நடுவில் ஒரு குட்டைக் காம்பு, அதன்மேல் இரண்டு பக்கமும் நீண்டு படுத்திருக்கும் தலை. இந்த முடிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இலைக்குக் கூரை வேய்ந்த மாதிரி ஆகிவிடும். வெயில் திருப்பி அடிக்கப்படும், காற்று நேராக இலையைத் தொடாது, தண்ணீர் இழப்பு குறையும். பூக்கொத்துகள் இலைக்கு நடுவே இருக்காது, நீளமான மெல்லிய காம்பில் புதருக்கு மேலே எட்டி நிற்கும்.

மண்ணுக்கு அடியில் ஆணிவேர் ஒன்று, அதிலிருந்து பக்கவாட்டில் அகலமாகப் பரவும் சல்லிவேர்கள். லேசான மழை பெய்து மேல் மண் நனைந்தாலும் பிடித்துக்கொள்ளும், ஆழத்தில் மிச்சம் இருக்கும் ஈரத்தையும் தேடும். வறட்சி முற்றினால் இலையை உதிர்த்துவிட்டு, வளர்ச்சியை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும். செத்துப்போச்சு என்று நினைக்கலாம். மழை வந்ததும் துளிர்க்கும். இப்படியே முப்பது, நாற்பது வருசம் வாழக்கூடியது. அவசரமே இல்லாத செடி.

வாழ்கிற இடம் சிவாவா பாலைவனம். மெக்சிகோவின் வடபகுதியில் கோவாவிலா, துராங்கோ, சகாடெகாஸ் மாநிலங்களில் பரந்து, டெக்சாஸின் பிக் பெண்ட் பகுதியில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பாலைவனம் என்றதும் மணல்மேடும் ஒட்டகமும் நினைவுக்கு வந்தால் தப்பு. இது கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிற, சுண்ணாம்புக்கல் சரிவுகள் நிறைந்த மேட்டுநிலம். குவாயூலே அந்தச் சரிவுகளில், கல்லும் சரளையும் கலந்த, தண்ணீர் நிற்காத இடங்களில் நிற்கும். பள்ளத்தில் களிமண் சேர்கிற இடத்துக்கு இறங்காது, வேர் ஈரத்தில் ஊறினால் அழுகிவிடும். வருச மழை சுமார் 250 முதல் 380 மில்லிமீட்டர். முக்கியமாக, குளிர்காலத்தில் அங்கே உறைபனி விழும். இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி ரப்பர். கேரளாவில், கன்னியாகுமரியில் பார்க்கிற ரப்பர் மரத்தில் பால் குழாய்களில் ஓடுகிறது. பட்டையைச் சீவினால் வடியும், சிரட்டையில் பிடிக்கலாம். குவாயூலேயில் அந்தக் குழாய் ஏற்பாடே கிடையாது. தண்டு, வேர் இரண்டின் பட்டையிலும் உள்ள சாதாரணத் திசு அறைகளுக்குள், அறை அறையாக, ரப்பர் துகள்கள் அடைபட்டுக் கிடக்கும். சீவினால் ஒன்றும் வராது. செடியையே வெட்டி, அரைத்து, ஒவ்வொரு அறையையும் உடைத்தால்தான் கிடைக்கும். காய்ந்த செடியின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும், நல்ல செடியில் அதற்கு மேலும் ரப்பர் இருக்கும். கூடவே பிசினும் வரும், அதைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மெக்சிகோவின் பழங்குடிகள் பட்டையை வாயில் போட்டு மென்று, ரப்பரைத் திரட்டிப் பந்து செய்தார்கள். 1900-க்குப் பிறகு ஆலைகள் வந்தன. பெரும் அமெரிக்க முதலாளிகளின் பணம் இறங்கியது. 1911-ல் மெக்சிகோவின் அதிபரான பிரான்சிஸ்கோ மதேரோவின் குடும்பமும் குவாயூலே வியாபாரத்தில் இருந்த குடும்பம். காட்டில் நின்ற செடியை வேரோடு பிடுங்கிக் கழுதையில் ஏற்றி ஆலைக்கு அனுப்பினார்கள். முப்பது வருசம் நின்ற செடியை ஒரு நிமிசத்தில் பிடுங்கலாம், திரும்ப வர இன்னொரு முப்பது வருசம். சீக்கிரமே காட்டுச் செடி தட்டுப்பாடு வந்தது. மெக்சிகப் புரட்சியும் சேர்ந்துகொள்ள, தொழில் அங்கே தளர்ந்தது.

அடுத்த கட்டத்தில் கதை நம்மவர்கள் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. உலகத்தின் ரப்பரில் பெரும் பகுதி அப்போது மலாயாவிலும் டச்சு இந்தியத் தீவுகளிலும் இருந்து வந்தது. மலாயாத் தோட்டங்களில் விடியலுக்கு முன்னே எழுந்து பால் வெட்டியவர்களில் ஏராளமானவர்கள் தமிழ்நாட்டில் இருந்து கப்பலேறிப் போன கூலிகள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. தமிழர் வெட்டிய பால் அமெரிக்காவுக்குப் போகும் வழி அடைபட்டது. டயர் இல்லாமல் போர் நடத்த முடியாது. மார்ச்சிலேயே அமெரிக்கா அவசர ரப்பர் திட்டத்துக்குச் சட்டம் போட்டு, கலிபோர்னியாவின் சலீனாஸை மையமாக வைத்து, சுமார் 32,000 ஏக்கரில் குவாயூலே நட்டது. அதே சமயம், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக மன்சனார் முகாமில் அடைக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்களில் இருந்த விஞ்ஞானிகளும் நாற்றங்கால்காரர்களும் முகாமுக்குள்ளேயே குவாயூலேயை ஆராய்ந்து, நல்ல தரமான ரப்பர் எடுத்துக் காட்டினார்கள். இந்தச் செடியின் வரலாற்றில் எனக்கு மறக்க முடியாத பகுதி அதுதான். போர் முடிந்தது, பெட்ரோலியத்தில் இருந்து செயற்கை ரப்பர் வந்துவிட்டது, மலாயா ரப்பரும் திரும்பியது. 1946-ல் திட்டத்தை மூடி, வயல்களை அழித்தார்கள்.

இப்போது திரும்ப எடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. உலகத்தின் இயற்கை ரப்பர் ஏறக்குறைய முழுவதும் ஒரே மரத்தை நம்பி, அதிலும் தென்கிழக்கு ஆசியாவை நம்பி இருக்கிறது. பிரிட்ஜ்ஸ்டோன் 2014-ல் அரிசோனாவின் மேசாவில் குவாயூலே ஆராய்ச்சி மையம் திறந்தது, 2022-ல் இண்டிகார் பந்தயத்தில் குவாயூலே ரப்பர் கலந்த டயர் ஓடியது. மருத்துவக் கையுறை இன்னொரு காரணம். ரப்பர் மரப் பாலில் இருக்கும் புரதங்கள் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். குவாயூலே ரப்பரில் அந்தப் புரதங்கள் இல்லை. தங்கச்சி ஊரெல்லாம் தோல் அரிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்க, அக்கா ஒவ்வாமைக்காரர்களுக்குக் கையுறை தருகிறாள்! அதற்காக அக்காவை ரொம்பவும் நல்லவள் ஆக்கிவிட வேண்டாம். அவள் பிசினிலும் குவாயூலின் என்ற ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது. ரப்பரைச் சுத்தம் செய்யும்போது அதை நீக்கிவிடுகிறார்கள்.

சரி, நம்ம மேட்டாங்காட்டில் வருமா?

மண்ணைப் பார்த்தால் ஆசை வரும். நம்ம பக்கத்துச் செம்மண்ணில் பல இடங்களில் சுக்கான்கல் கலந்திருக்கிறது, சரளை இருக்கிறது, தண்ணீர் நிற்காத மேடுகள் இருக்கின்றன. செடி உயிரோடு இருப்பதற்கு இது போதலாம். சிக்கல் ராத்திரியில் இருக்கிறது. 1940-களில் கால்டெக்கில் ஜேம்ஸ் பானர் என்ற தாவர உடலியலாளர் வெப்பநிலையை மாற்றி மாற்றி வைத்துக் குவாயூலேயை வளர்த்துப் பார்த்தார். பகல் கதகதப்பாகவும் இரவு 7 டிகிரி செல்சியஸ் அளவில் குளிராகவும் இருந்தபோது ரப்பர் நன்றாகச் சேர்ந்தது. இரவும் சூடாக இருந்தபோது செடி வளர்ந்தது, ரப்பர் சேரவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். வெப்பமான இரவில் செடி பகலில் சேர்த்த சர்க்கரையை இலைக்கும் தண்டுக்கும் செலவழித்துவிடும். குளிர் வந்து வளர்ச்சி அடங்கினால்தான் மிச்சமாகும் கரிமம் ரப்பராகப் போய்ச் சேரும். பாலைவனத்தில் அது குளிர்காலம்தோறும் தானாக நடக்கிறது.

அந்தியூரில் மார்கழி ராத்திரியில் போர்வை தேடுகிறோம், ஆனாலும் சாதாரணமாக 18, 19 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பர்கூர் மலைமேல் இன்னும் கொஞ்சம் குளிரும், ஆனால் மாதக்கணக்கில் 7 டிகிரி கிடையாது. தவிர அந்தக் காடு 2024-ல் அறிவிக்கப்பட்ட தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயத்தின் பகுதி. அங்கே உண்ணிச்செடி ஏற்கெனவே பண்ணுகிற தொந்தரவு போதும், இன்னொரு அயல் புதரைக் கொண்டுபோக வேண்டியதில்லை.

மழையும் வேறு மாதிரி. ஈரோடு மாவட்டத்தில் வருசத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி மொத்தமாகக் கொட்டும். சிவாவாவைப் போல இரண்டு மடங்கு. நமக்கு அது வறட்சி, குவாயூலேக்கு அது வெள்ளம். ஆகவே என் பதில்: நட்டால் வெள்ளி நிறத்தில் ஒரு அழகான புதர் கிடைக்கலாம், ரப்பர் வருமானத்தை எதிர்பார்த்து யாரும் ஒரு ஏக்கர்கூட ஒதுக்க வேண்டாம். "வறட்சியைத் தாங்கும்" என்று யாராவது நாற்று விற்க வந்தால், எந்த ஊர் வறட்சி, அங்கே ராத்திரி எத்தனை டிகிரி என்று கேளுங்கள். காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலும் கிளுவை வேலியும் தாங்குவது நம்ம ஊர் வறட்சியை. அதற்குப் பழகிய உடம்பு அவற்றுக்கு உண்டு.

நம்ம மழைக்கும் நம்ம வெயிலுக்கும் பொருந்திப்போனது தங்கச்சிதான்.

பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ் புதர் இல்லை, ஒரு பருவத்துச் செடி. மெக்சிக வளைகுடாவைச் சுற்றிய பகுதிகள் இதன் தாயகம். வறட்சியை இது தாங்குவதில்லை, விதையாகத் தாண்டிப் போகிறது. மழை விழுந்தால் முளைக்கும். முதலில் இலைகளை வட்டமாகத் தரையோடு பரப்பும், அந்த வட்டத்துக்குள் வேறு எதுவும் தலைதூக்க முடியாது. பிறகு விறுவிறுவென்று தண்டு எழும்பும். முளைத்து நாலு முதல் ஆறு வாரத்தில் பூ. நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும். கொத்துக்கு ஐந்து விதைதான் என்று பார்த்தோம், ஆக ஒரே செடியில் மூவாயிரம் கொத்து! மண்ணில் புதைந்த விதை சில வருசம் உயிரோடு காத்திருக்கும். போதாததற்கு வேர், இலை, விதை எல்லாவற்றில் இருந்தும் கசியும் பார்த்தெனின் முதலான வேதிப்பொருள்கள் பக்கத்துப் பயிரின் முளைப்பைக் கெடுக்கும். அக்கா நாற்பது வருசத்தில் செய்வதைத் தங்கச்சி நாற்பது நாளில் முடிக்கிறாள். மழை வந்தால் கொட்டி, இல்லையென்றால் மாதக்கணக்கில் காயும் நம்ம நிலத்துக்கு அந்த அவசரம் அச்சாகப் பொருந்துகிறது.

இந்தியாவில் இது பரவலான கவனத்துக்கு வந்தது 1950-களின் நடுவில், புனேயில். அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பது எல்லோரும் சொல்லும் கதை, பெரும்பாலும் பி.எல்.480 கோதுமை என்றே சொல்வார்கள். தேதிகள் கொஞ்சம் இடிக்கின்றன. புனேயில் பார்த்தது 1955-ல், பி.எல்.480 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டது 1956 ஆகஸ்டில். ஆனால் 1951-லேயே கடனாக அமெரிக்கக் கோதுமை வந்திருக்கிறது. தானியத்தோடுதான் வந்தது என்றால் அந்த மூட்டைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். வடக்கே இதைக் காங்கிரஸ் புல் என்று கூப்பிடுகிறார்கள். வெள்ளைத் தொப்பி காரணமா, அன்றைய ஆட்சி காரணமா என்பது அவரவர் அரசியலைப் பொறுத்தது.

பார்த்தெனின் பயிரை மட்டும் கெடுப்பதில்லை. திரும்பத் திரும்பத் தொடுபவர்களுக்குத் தோல் ஒவ்வாமை வரும். காய்ந்த செடியின் தூசும் முடியும் காற்றில் பறந்து படுவதால், தொடாமலே முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்புகளில் வெடித்துத் தடித்துவிடும். காட்டு வேலைக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. முதல் நாளே வராது, வருசக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு வரும். அதனால் "நான் இருபது வருசமா பிடுங்கறேன், எனக்கொண்ணும் ஆகல" என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஒருமுறை உடம்பு பழகிவிட்டால் சாமந்திப் பூவுக்கும் அதே மாதிரி பொங்கலாம், ஒரே குடும்பத்து வேதிப்பொருள் ஆயிற்றே. பூ கட்டிப் பிழைப்பவருக்கு அது தொழிலையே கெடுக்கும். மாடுகள் பொதுவாக ஒதுக்கிவிடும், வேறு பச்சை இல்லாத நாளில் தின்றால் பால் கசக்கும்.

சப்பாத்திக்கள்ளியை ஒழித்த மாதிரி இதையும் பூச்சி விட்டு ஒழிக்கலாமே என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. 1920-களில் இலங்கையில் இருந்து கொண்டுவந்த செதில்பூச்சி கள்ளிக்காடுகளை அழித்தது, அது உண்மைதான். பார்த்தீனியத்துக்கும் மெக்சிகோவில் இருந்து சைகோகிராமா என்ற வண்டைக் கொண்டுவந்து 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். இலையை நன்றாகத் தின்கிறது. சூரியகாந்திப் பயிரையும் தின்னும் என்று 1990-களில் பெரிய பயம் கிளம்பி, ஆராய்ந்து, பெரிய ஆபத்து இல்லை என்று முடிவானது. ஆனால் கள்ளி நின்ற இடத்தில் நிற்கும், பூச்சிக்கு எப்போதும் சாப்பாடு உண்டு. பார்த்தீனியம் கோடையில் விதையாக ஒளிந்துகொள்ளும், வண்டும் மண்ணுக்குள் போய்த் தூங்கும். மழை வந்ததும் இரண்டும் எழுகின்றன, வண்டு பெருகுவதற்குள் செடி பூத்துவிடுகிறது.

ஆகவே கையால் பிடுங்குவதுதான் வழி, நேரம்தான் முக்கியம். பூத்தபின் பிடுங்கி வரப்பில் குவித்தால் விதையை நாமே சுமந்துபோய்ப் போட்ட மாதிரி. புரட்டாசி, ஐப்பசியில் முதல் நல்ல மழைக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள், இலை வட்டமாகத் தரையோடு கிடக்கும்போதே, மண் ஈரமாக இருக்கையில் வேரோடு எடுக்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கில் துணி கட்டாயம். தோல் ஒவ்வாமை உள்ளவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. பூக்காத செடியை எருக்குழியில் போடலாம். உப்புக் கரைசல் தெளித்தால் கருகும், ஆனால் அது பயிர் வைக்காத ரோட்டோரத்துக்கு மட்டும். பிடுங்கிய இடத்தைச் சும்மா விடாமல் தகரையோ ஆவாரையோ துலுக்கச்சாமந்தியோ தூவிவிட்டால், அடுத்த மழைக்கு முளைப்பதில் பாதியை அவை அமுக்கிவிடும். மிச்சத்தை மறு வருசமும் அதற்கடுத்த வருசமும் பிடுங்க வேண்டியிருக்கும்.